அன்று நான் சொன்ன ஸ்தோத்திரம்





இம்மாதம் ஒரு சாட்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சாட்சி என்றவுடன் வியாதி சுகமானதையோ, வேலை கிடைத்ததையோ, சொந்த வீடு வாங்கியதையோ எதிர்பார்க்க வேண்டாம். இது வெட்கத்தோடு சொல்லும் சாட்சி. ஒரு மனிதனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது என்று கேள்விப்பட்ட வேளையில், என் வாய் "ஸ்தோத்திரம்" என்று சொன்னது. ஆண்டுகள் பல கடந்தும் அந்த ஒரு வார்த்தை என்னைப் பின்தொடர்ந்து வருகிறது.

2003-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி, திங்கட்கிழமை. மும்பையில் எங்கள் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். அன்று எங்கள் வீட்டு முறை. பாய் விரித்து, கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்தால் பதினைந்து பேர் நெருக்கி உட்காரலாம். பாட்டு தொடங்குமுன் வேலையிலிருந்து நேராக வந்த ஒரு வாலிபத் தம்பி வாசலில் நின்றபடியே செய்தியைச் சொன்னார். கிரஹாம் ஸ்டெயின்ஸ் கொலை வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது, தாராசிங்குக்குத் தூக்கு, மற்றும் 12 பேருக்கு ஆயுள் தண்டனை.

முதலில் ஸ்தோத்திரம் சொன்னவன் நான்தான். என்னைத் தொடர்ந்து அறை முழுவதும் சொன்னது.

அந்த வழக்கை அறியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரஹாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1965-ல் இந்தியாவுக்கு வந்து, ஒடிசாவின் பாரிபதா நகரில் குஷ்டரோகிகளிடையே ஏறத்தாழ 34 ஆண்டுகள் பணிசெய்தவர். 1999-ம் ஆண்டு ஜனவரி 22-ம் தேதி இரவு, கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூர் கிராமத்தில் நடந்த முகாமுக்குச் சென்றிருந்தார். குளிர் மிகுதியாக இருந்தபடியால் தம் வண்டியிலேயே இரண்டு மகன்களோடும் படுத்திருந்தார். நள்ளிரவு கடந்தபின் ஒரு கும்பல் அவ்வண்டிக்குத் தீ வைத்தது. தந்தையும், 10 வயது பிலிப்பும், 6 வயது தீமோத்தேயுவும் உயிரோடு எரிந்து மாண்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எங்கள் போதகரால் பிரசங்கிக்க முடியவில்லை. சபை முழுவதும் அழுதது. அந்த அழுகை தேவனுக்கு ஏற்றதாயிருந்தது என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் நான்கரை ஆண்டுகளுக்குப் பின் என் வாயிலிருந்து வந்த ஸ்தோத்திரம் அந்த அழுகையின் கனி அல்ல.

ஒரு தாயின் கேள்வி

அன்றைய ஜெபக் கூட்டத்தில் ஸ்தோத்திரம் சொல்லாத ஒருவர் இருந்தார். எங்கள் சபையின் மூத்த தாயார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி மும்பைக்கு வந்து, கணவரை இழந்து, இட்லி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய மூத்த மகனைப் பத்தொன்பதாம் வயதில் தண்ணீர்க் குழாயடித் தகராறில் ஒருவன் குத்திக் கொன்றான். கொன்றவன் அதே சந்தில் வளர்ந்தவன். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்திருந்தது.

கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துப் புறப்பட்டபின், அந்தத் தாயார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்: "எதுக்கு தம்பி ஸ்தோத்திரம் சொன்னீங்க?"

"நீதி கிடைச்சிருக்கே அம்மா, அதுக்குத்தான்" என்றேன்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "என் பிள்ளையைக் கொன்னவன்மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு தம்பி. இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா அவன் உயிரோட இருக்கான். ஆண்டவர் அவன்கிட்டப் பேச இன்னும் நாள் இருக்கு. தூக்குல போட்டிருந்தா நான் யாருக்காக ஜெபம் பண்ணுவேன்?" என்றார். பிறகு இருட்டில் படியிறங்கிப் போய்விட்டார்.

பிரியமானவர்களே, மகனை இழந்தவர் அவர்; நான் யாரையும் இழக்கவில்லை. பழிக்காக ஏங்க உரிமை உண்டென்றால் அது அவருக்கே உண்டு. அந்த உரிமையை அவர் தேவனிடத்தில் விட்டுவிட்டார். ஒன்றையும் இழக்காத நான் அதைப் பிடுங்கிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேதத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

வேதம் என்ன சொல்கிறது?

மரண தண்டனையை ஆதரிக்கும் தேவபிள்ளைகளை நான் குறைவாக எண்ணவில்லை. அவர்களுக்கும் வேத ஆதாரம் உண்டு. மனிதன் தேவசாயலாக உண்டாக்கப்பட்டவன் ஆகையால், கொலைக்கு ஈடாகக் கொலையாளியின் உயிரே கேட்கப்படும் என்ற கருத்தை ஆதியாகமம் 9:6-ல் காண்கிறோம். அதிகாரம் உள்ளவன் பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை என்னும் பொருளில் ரோமர் 13-ல் பவுல் எழுதுகிறார். மரணத்துக்கு ஏதுவான குற்றம் செய்திருந்தால் சாவதற்கு மறுக்கமாட்டேன் என்ற கருத்தில் அவரே பெஸ்துவின் முன்பாகப் பேசினார் (அப்போஸ்தலர் 25:11). இவ்வசனங்களை மறைத்துவிட்டு இரக்கத்தைப் பேசுவது நேர்மையாகாது.

ஆனாலும் அதே வேதத்தில் முதற்கொலையின் வழக்கைப் பாருங்கள். காயீனின் வழக்கில் சாட்சி தேவையில்லை, தேவனே கண்டார். தீர்ப்பில் பிழை நேர வழியில்லை, தேவனே நியாயாதிபதி. ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிட்டது. அப்படியிருந்தும் காயீன் கொல்லப்படவில்லை. அவன் துரத்தப்பட்டான், தண்டிக்கப்பட்டான்; ஆனால் அவனை ஒருவரும் கொன்றுபோடாதபடிக்கு ஆண்டவர் அவன்மேல் ஓர் அடையாளம் போட்டார் (ஆதியாகமம் 4:15).

தொடர்ந்து வாசியுங்கள். மோசே ஓர் எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்தார். தாவீது, உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொலைசெய்வித்தார். நியாயப்பிரமாணத்தின்படி அவர் சாவுக்குப் பாத்திரர். நாத்தானோ, அவர் சாவதில்லை என்ற செய்தியையே கொண்டுவந்தார். ஆனாலும் அந்தப் பாவத்தின் விளைவுகள் தாவீதின் வீட்டை விட்டு நீங்கவில்லை. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களைக் காவல்காத்த வாலிபன் அக்கொலைக்கு உடன்பட்டிருந்தான். அன்றைய எருசலேமின் விசுவாசிகள் சவுலுக்குத் தூக்கு வேண்டும் என்று கேட்டிருந்தால், அதில் நியாயம் இல்லை என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் கேட்டபடி நடந்திருந்தால், ரோமர் 13-ஐ எழுதப் பவுல் இருந்திருக்கமாட்டார்.

"சிலுவையில் தொங்கிய கள்ளன் மரண நேரத்தில்தானே மனந்திரும்பினான்? தூக்குமேடையும் ஒருவனை மனந்திரும்பச் செய்யலாமே?" என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. தான் பெறுவது நியாயமான பலன் என்று அந்தக் கள்ளனே ஒப்புக்கொண்டதும் உண்மை. ஆனால் அன்று அங்கே இரண்டு கள்ளர் தொங்கினார்கள். மற்றவன் நிந்தித்தபடியே மரித்தான். அவன் இன்னும் இருபது ஆண்டுகள் சிறையில் வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பதைச் சொல்ல எவராலும் கூடாது. அந்த இருபது ஆண்டுகளை எடுத்துவிட ஜனங்கள் ஆர்ப்பரித்தபோது, அவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

நடுவிலிருந்த சிலுவையையும் நாம் மறந்துவிடக் கூடாது. நம் இரட்சிப்பு ஒரு மரண தண்டனையின் வழியாக வந்தது. பொய்ச்சாட்சிகள் வந்தார்கள், கூட்டம் கூச்சலிட்டது, குற்றம் ஒன்றும் காணவில்லை என்று தெரிந்திருந்தும் தேசாதிபதி கையைக் கழுவிவிட்டு ஒப்புக்கொடுத்தான். அந்தச் சிலுவையை வணங்குகிற நாம், வேறொருவனை மரத்தில் ஏற்றும்படி கூட்டத்தோடு சேர்ந்து கூச்சலிடுவது எப்படி?

தீர்ப்புச் சொல்பவரும் மனிதரே

நியாயப்பிரமாணத்தில் மரண தண்டனை உண்டு. ஆனால் அதற்கு வைக்கப்பட்ட வேலியையும் பாருங்கள். ஒரே சாட்சியின் சொல்லைக்கொண்டு ஒருவனையும் கொல்லக் கூடாது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். முதல் கல்லை எறிவது அச்சாட்சிகளின் கையாகவே இருக்க வேண்டும் (உபாகமம் 17:6, 7). இத்தனை வேலி இருந்தும் நாபோத்துக்கு நடந்தது என்ன? இரண்டு சாட்சிகள் சட்டப்படி நிறுத்தப்பட்டார்கள். மூப்பர்கள் சட்டப்படி கூடினார்கள். சட்டப்படியே கல்லெறிந்து ஒரு குற்றமற்றவனைக் கொன்றார்கள் (1 இராஜாக்கள் 21).

நம் தேசத்திலும் வேலி உண்டு. செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தால் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். "அரிதினும் அரிதான" வழக்கில் மட்டுமே மரண தண்டனை என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. குடியரசுத் தலைவரிடம் கருணை மனு கொடுக்கலாம். 2004 முதல் 2020 வரையுள்ள காலத்தில் நம் நாட்டில் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டுப் பேர். ஆனால் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் காத்திருந்தோர், 2023-ம் ஆண்டின் இறுதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள்.

இந்த வேலியைத் தாண்டியும் பிழை நேர்ந்திருக்கிறது. குற்றத்தின் கொடுமையை மட்டும் பார்த்தால் போதும், குற்றவாளியின் நிலையைப் பார்க்க வேண்டியதில்லை என்ற வகையில் அமைந்த தீர்ப்பின்படி, ராஜஸ்தானில் ஒரு மனிதன் 1996-ல் தூக்கிலிடப்பட்டான். அந்தத் தீர்ப்பு 1980-ன் விதிமுறைக்கு மாறாகச் சொல்லப்பட்டது என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட வேளையில் அவன் மரித்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மகாராஷ்டிராவிலேயே நடந்த மற்றொன்றைக் கேளுங்கள். நான் ஸ்தோத்திரம் சொன்ன அதே 2003-ல் நிகழ்ந்த கொடிய கொள்ளை, கொலை வழக்கு அது. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு ஏழை மனிதர் பிடிக்கப்பட்டார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2019 மார்ச் மாதத்தில், அதே உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் ஆராய்ந்து ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. நேரில் கண்ட சாட்சி முதலில் வேறு நால்வரின் படங்களை அடையாளம் காட்டியிருந்தார், அவர்கள் விசாரிக்கப்படவேயில்லை. விடுதலையானவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவாயிற்று. பதினாறு ஆண்டுச் சிறைவாசத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் பெற்றுக்கொள்ள அவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

பிழைப்புக்காக அயலூர் வந்திருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. காவல் நிலையத்தில் பேசப்படும் மொழி நமக்குப் பாதி புரியும். நீதிமன்றத்தின் மொழி அதுவும் புரியாது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஜாமீனுக்கு நிற்க ஊரார் இல்லை. டெல்லியின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தூக்குத் தண்டனை பெற்றிருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பரதேசிக்கும் சுதேசிக்கும் ஒரே நியாயம் இருக்க வேண்டும் என்ற கட்டளை, உயிருக்கு உயிர் என்னும் சட்டத்தை அடுத்தே வருவதை லேவியராகமம் 24-ல் காணலாம். அந்த ஒரே நியாயம் நிலைபெறாத இடத்தில், திருத்த முடியாத தண்டனை யார்மேல் விழும் என்பதைச் சிந்தியுங்கள்.

என் ஸ்தோத்திரத்துக்கு வருகிறேன். 2005-ம் ஆண்டு மே மாதத்தில் ஒரிசா உயர் நீதிமன்றம் தாராசிங்கின் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அதே நாளில், ஆயுள் தண்டனை பெற்றிருந்த 12 பேரில் 11 பேரைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது என் கை நடுங்கிற்று. பதின்மூன்று பேரின் அழிவுக்காக நான் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பதினொரு பேர்மீது குற்றம் நிரூபிக்கப்படவேயில்லை. அன்றைய கோபத்தில் என்னை நியாயாதிபதியாக உட்கார வைத்திருந்தால், பதின்மூன்று பேருக்கும் தூக்கு என்றே எழுதியிருப்பேன்.

மன்னிப்பு வேறு, தண்டனை வேறு

"அப்படியானால் கொலைகாரனை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்பீர்கள். இல்லை. இதை எனக்குக் கற்றுத் தந்தவர் கிரஹாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் அம்மையார். கணவரும் இரண்டு மகன்களும் கொல்லப்பட்டபின், தமக்கும் மகளுக்கும் எவர்மேலும் கசப்பில்லை, மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். உடனே தாய்நாட்டுக்குத் திரும்பிவிடவும் இல்லை. 2004 வரை இந்தியாவிலேயே தங்கி, கணவர் விட்டுச்சென்ற குஷ்டரோகிகளின் பணியைத் தொடர்ந்தார். 2005-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துக் கனப்படுத்தியது. மன்னிப்பதும், குற்றத்துக்கான விளைவை அரசு முடிவுசெய்வதும் வெவ்வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது என்பதும் அவர் தெளிவாகச் சொன்னதே.

இந்தத் தெளிவு நமக்கு மிகவும் தேவை. சிலர் மன்னிப்பின் பெயரால், பாதிக்கப்பட்டவர்களை வாயடைக்கச் செய்கிறார்கள். அது கிறிஸ்துவின் ஆவி அல்ல. கொலை செய்தவன் தண்டிக்கப்பட வேண்டும். பிறருக்குத் தீங்கு செய்யாதபடி அடைக்கப்பட வேண்டும். தான் செய்ததன் பாரத்தை அவன் உணர வேண்டும். நீண்ட சிறைவாசம் இலகுவான தண்டனை அல்ல. நான் சொல்வதெல்லாம் இதுதான்: மனந்திரும்புதலின் கதவை மனிதர் கையால் அடைக்கும் தண்டனையை விசுவாசி விரும்பிக் கேட்கக் கூடாது, அது நிறைவேறும்போது மகிழவும் கூடாது. துன்மார்க்கன் சாகிறது தேவனுக்குப் பிரியமல்ல, அவன் திரும்பிப் பிழைப்பதே பிரியம் என்பதை எசேக்கியேல் 33:11-ல் அறிகிறோம். தேவனுக்குப் பிரியமில்லாத ஒன்றுக்காக அவருக்கே ஸ்தோத்திரம் செலுத்துவது எப்படிப்பட்ட காணிக்கை!

2020-ம் ஆண்டு மார்ச் 20-ம் தேதி விடியற்காலையில், டெல்லி திகார் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். 2012-ல் ஒரு மாணவிக்கு அவர்கள் இழைத்த கொடுமையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. பெண்பிள்ளையைப் பெற்ற தகப்பன் என்ற முறையில் என் இரத்தமும் கொதித்தது. அன்று காலை என் கைப்பேசியில் வந்து குவிந்த மகிழ்ச்சிச் செய்திகளில் நம் சபை விசுவாசிகள் அனுப்பியவையும் இருந்தன. சில செய்திகளின் கடைசியில் "அல்லேலூயா" என்றும் இருந்தது. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. நானும் அவ்வாறே சொன்னவன்தான். அந்தத் தாயார் வாசலில் நின்று கேட்ட கேள்வியை மட்டும் அவர்களுக்கு அனுப்பினேன்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கொலையுண்டவர்களின் குடும்பத்தை மறவாதிருங்கள். அடக்கத்தன்று கூட்டமாகப் போகிறோம். மூன்றாம் மாதம் யார் போகிறோம்? வழக்கு நாளில் அந்தத் தாயோடு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருக்க ஒரு சகோதரியாவது போகலாம். தூக்குத் தண்டனை கேட்டுக் கூச்சலிடுவதைப் பார்க்கிலும் அது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

இரண்டாவது, சிறையிலிருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்றுச் சிறை ஊழியம் செய்யும் குழுக்களுக்காக ஜெபியுங்கள், கூடுமானால் உதவுங்கள். குற்றம் சாட்டப்பட்டவனின் மனைவி மக்களையும் நாம் ஒதுக்கிவைக்கக் கூடாது. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

மூன்றாவது, நீதிபதிகளுக்காகவும், கருணை மனுக்களை ஆராய்கிறவர்களுக்காகவும், அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள் (1 தீமோத்தேயு 2:1, 2). ஒரு மனிதனின் உயிரைத் தீர்க்கும் கையெழுத்து சிறிய பாரம் அல்ல.

அந்தத் தாயார் இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அவர் மகனைக் கொன்றவன் தண்டனைக் காலம் முடிந்து வந்தபோது அவர் உயிரோடிருந்தார். அவன் சந்துக்குள் வர வெட்கப்பட்டு வேறிடத்துக்குப் போய்விட்டான். சிறை ஊழியக் குழுவின் மூலம் அவர் அனுப்பியிருந்த வேதாகமத்தை அவன் பெற்றுக்கொண்டான் என்ற செய்தி மட்டும் அவருக்கு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதுவே போதும் என்று சொல்லிச் சமாதானமாயிருந்தார்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு செய்தி வாசித்தேன். ஸ்டெயின்ஸ் வழக்கில் தாராசிங்கோடு ஆயுள் தண்டனை அடைந்திருந்த மற்றொருவன், 25 ஆண்டுகளுக்குப் பின் நன்னடத்தையின் பேரில் விடுதலையானான். அவனுடைய உள்ளம் எப்படிப்பட்டது என்பதை உள்ளங்களை ஆராய்கிற தேவன் அறிவார். பழைய கோபம் எழும்பவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்; எழும்பிற்று. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழங்காற்படியிட்டேன். அவன் பெயரைச் சொல்லி, தாராசிங்கின் பெயரையும் சொல்லி, முதன்முறையாக அவர்களுக்காக ஜெபித்தேன். அந்த ஜெபத்தின் முடிவில் ஸ்தோத்திரம் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று அந்தத் தாயார் இன்று கேட்டால், அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் உண்டு: அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் அம்மா, அதற்காக.

பிரியமானவர்களே, உங்கள் குடும்ப ஜெபத்தில் இன்றிரவு ஐந்து நிமிடம் இதற்கென்று ஒதுக்குங்கள். இரத்தம் சிந்தப்பட்ட வீடுகளையும், இரத்தம் சிந்தினவர்களையும் ஒருமித்துக் கர்த்தருடைய சமுகத்தில் வையுங்கள். இரக்கத்தில் ஐசுவரியமுள்ள தேவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக. ஆமென். மாரநாதா!